பின்னணி இல்லாத மாப்பிள்ளை

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் நாங்கள் ஒரு வேன் ஆட்கள் வெள்ளை உடுத்தி நின்றோம். முன்னால் தப்பு மேளத்தோடு தப்புக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் சின்னையா மாமா, இரண்டு கையாலும் ஏந்திய தட்டில் கோடித் துணியும் ஒரு மாலையும். பெண்கள் முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு அழுகைக்குத் தயாராக இருந்தார்கள்.

கீழே எழவு வீட்டுக்கு உரிய எதுவும் இல்லை. வெள்ளைக் கொடி இல்லை, கூடாரம் இல்லை. ஒரு கோழி சாக்கடைக் கானைக் கிளறிக்கொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பின் மணம் மட்டும் படியேறி வந்தது.

நடுக் காம்பரா வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். தலைமுடி, மீசை, கை எல்லாம் சுண்ணாம்புத் துளிகள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த பிரஷை மெதுவாகக் கீழே வைத்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். கைகளைக் குவித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, துக்கம் விசாரிக்கிற தணிந்த குரலில் கேட்டார்.

“யாருங்க செத்தது?”

கேட்டவர்தான் செத்தவர்.

பெனர் கடை

இந்தப் படிக்கட்டுக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல ஹட்டனுக்குத் திரும்ப வேண்டும். அங்கே பஜாருக்குள், படமும் பெயரும் பெரிதாக அச்சடித்துத் தரும் ஒரு பெனர் கடையில் அப்போது எனக்கு வேலை. பெட்ரோல் வரிசைகள் ஒழிந்த பிறகு வந்த ஓர் ஆவணி மாதம்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு கொழும்பில் வீட்டு வேலை, கார்மென்டில் கொலர் தைத்தது, கண்டியில் ஒரு லொட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்தது எல்லாம் போன வாரங்களில் இந்தத் தொடரில் எழுதியாகிவிட்டது. ஓர் இடத்தில் கால் நிற்காது எனக்கு. கால் நின்ற இடங்களில் சோறு சரியாகக் கிடைக்காது. இரண்டும் சேர்ந்து என்னை ஊர் ஊராகக் கொண்டுபோயின.

கணினி பழகியது கொழும்பில் ஒரு ஃபோட்டோகொப்பிக் கடையில். கூட்டிப் பெருக்கத்தான் எடுத்தார்கள். படம் திறக்கத் தெரிந்த பையன் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டான். வாசலில் ஆட்கள் வரிசை. துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் கெடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அன்றே எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது.

கணினியில் சேமிக்கும் பட வகைகளுக்கும் சாதி, குலம் எல்லாம் உண்டு என்று அங்கேதான் தெரிந்தது. ஜேபெக் எல்லார் வீட்டிலும் சாப்பிடும். எந்தப் போனிலும் திறக்கும். ஆனால் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்துப்போகும். ஒரே தூளில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை ஊற்றிய தேத்தண்ணி மாதிரி. பிஎன்ஜி எதையும் விடாது, அதனால் கனம். விலை கூடிய போன்களில் எடுக்கிற ஹெச்இஐசி இருக்கிறதே, அது கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர். சின்னப் பெட்டிக்குள் எவ்வளவோ சாமான் அடுக்கிக் கொண்டுவருவார். நம் வீட்டுக் கட்டிலில் மட்டும் படுக்கமாட்டார்.

எங்கள் கடைக் கணினியும் ஒரு பழைய கட்டில்தான்.

பரிசம் போட்ட அன்று எடுத்த படம்

ராஜியும் நானும் நோர்வூட் பக்கம் ஒரே தோட்டம், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் ஓடிப்போனேன், அவள் இருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்குப் பால் கரைத்து, மூக்குச் சிந்தி, தூங்கவைத்துப் பொழுது போகும்.

அவளுக்கு இரண்டு தடவை கல்யாணம் பேசி இரண்டும் நின்றுபோயின. முதல் மாப்பிள்ளைக்கு ஜாதகம் பொருந்தவில்லை. இரண்டாமவர் வெளிநாடு போனார். போனவர் போனவர்தான். இதில் ராஜியின் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் “அந்தப் புள்ள ராசி அப்புடி” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு அப்படியொரு பெயர் விழுந்தால் பிறகு கழுவ முடியாது. முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவர்தான் மகேந்திரன். ராகலையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுபவர். இவருக்கும் வயது நாற்பதை நெருங்கிவிட்டது. பரிசம் போட்டார்கள். அன்று மாப்பிள்ளையின் தம்பி முறையான ஒருவன், குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவன், தன் போனில் படம் எடுத்தான். அந்தப் படத்தைக் கல்யாண பெனருக்குப் போட வேண்டும் என்று சின்னையா மாமா கடைக்கு வந்தார். மாமா ராஜியின் அம்மாவுக்கு அண்ணன். கங்காணி வேலையிலிருந்து ஓய்வு. அப்பா இல்லாத அந்த வீட்டுக்கு அவர்தான் எல்லாம்.

படம் ஹெச்இஐசியாக வந்தது. திறக்கவில்லை.

“பேர மாத்திப் பாரு புள்ள,” என்றார் மாமா. “கடைசியில இருக்கிற எழுத்த அழிச்சிட்டு ஜேபெக்னு போட்டா தொறக்குமாம்ல.”

“சட்டைய மாத்துனா ஆள் மாறிருவாரா மாமா?”

“பெரிய தொரையோட சட்டைக்குத்தானே சலாம் போட்டோம்.”

மாமாவோடு பேசினால் இப்படித்தான். நான் படத்தை முறையாக ஜேபெக் ஆக்கினேன். கழுத்தில் மாலை, நெற்றி நிறைய விபூதி. சிரிக்கச் சொன்னால் இன்னும் இறுகிப்போகிற முகம் சிலருக்கு உண்டு. மகேந்திரனுக்கு அந்த முகம். பக்கத்தில் ராஜி தலையைக் குனிந்தபடி நின்றாள்.

ஒரு சிக்கல். மாப்பிள்ளை வீட்டாரும் ராகலையில் தனியாக ஒரு பெனர் அடிக்கிறார்கள். இரண்டு பெனரிலும் ஒரே படம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம். அதனால் இருவரையும் தனித்தனியாக வெட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் ராகலைக்காரர் தனக்குப் பிடித்த நிறத்தில், தனக்குப் பிடித்த பூ மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

“மாமா, இத போட்டோவா அனுப்பக்கூடாது. டொக்கியுமென்டா அனுப்பணும்.”

“எல்லாம் ஒண்ணுதானே.”

“ஒண்ணு இல்ல மாமா. போட்டோவா போனா பின்னால கறுப்பாயிரும்.”

“சரி சரி. எனக்குத் தெரியாதா.”

ராகலை அச்சகத்துக்கு அவர் சரியாகத்தான் அனுப்பினார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

எழவு குரூப்பு

எங்கள் தோட்டத்தில் எல்லார் போனிலும் ஒரு வட்ஸ்அப் குரூப் இருந்தது. தண்ணீர் வராதது, மாடு காணாமல் போனது, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு நேரம் மாறியது எல்லாம் அதில் வரும். அதிகமாக வந்தது சாவுச் செய்திதான். அதனால் அதற்கு எழவு குரூப்பு என்றே பெயர். செய்தி வருகிற விதம் எப்போதும் ஒன்றுதான். கறுப்புப் பின்னணியில் ஒரு முகம், கழுத்தில் மாலை. மற்ற விவரம் பின்னால் வரும். முகம் வந்த உடனே ஆட்கள் கும்பிடு கைகளை வரிசையாகப் போடத் தொடங்குவார்கள்.

கடைக்கு வந்துபோன அன்று பொழுது சாய்ந்த பிறகு மாமாவுக்கு ஓர் ஆசை வந்தது. மாப்பிள்ளையைத் தோட்டத்தில் பாதிப் பேர் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும். மாமாவுக்குப் போனில் எழுத வராது. அதனால் ஒரு வார்த்தையும் எழுதாமல், மகேந்திரனின் படத்தை மட்டும் குரூப்பில் போட்டார். போட்டோவாக.

பின்னணி இல்லாத படம் போட்டோவாகப் போய், இல்லாத இடமெல்லாம் கறுப்பாக நிரம்பியது. கறுப்பு. மாலை. விபூதி. இறுகிய முகம்.

மாமா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு மேல் கும்பிடு கைகள். ஆழ்ந்த அனுதாபங்கள். ஓம் சாந்தி. நல்ல மனுசன். பாவம் அந்தப் பொண்ணு. ஒருவர் லொறி பள்ளத்தில் பாய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் எந்த வளைவு என்பதையும் எழுதியிருந்தார்.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். தான் படம் போட்டது நேற்று, மாப்பிள்ளை செத்தது ராத்திரி என்று அவர் புரிந்துகொண்டார். “நான் போட்ட நேரம் பாத்தியா, நான் போட்ட நேரம் பாத்தியா,” என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அவர் அழுததைப் பார்த்து, அதுவரை சந்தேகப்பட்டவர்களும் நம்பிவிட்டார்கள்.

என் கத்தரி

அதே காலையில், எங்கள் தோட்டத்து இளந்தாரிகள் இரண்டு பேர் கடைக்கு வந்து கண்ணீர் அஞ்சலி பெனர் கேட்டார்கள்.

“யாருக்கு?”

“ராஜி அக்காவுக்குப் பேசியிருந்தவருக்கு. லொறி கவுந்திருச்சாம்.”

போனை நீட்டினார்கள். படத்தைப் பார்த்தேன். காது ஓரத்தில் ஒரு கீற்று, பக்கத்தில் நின்ற ராஜியின் சேலை நிறம், வெட்டும்போது விட்டுப்போனது. இது நான் வெட்டிய மகேந்திரன். இந்தக் கறுப்பு யாரும் பூசிய கறுப்பு இல்லை.

“இத யார் போட்டது?”

“மாமாதான் போட்டாரு.”

“மாமா என்ன எழுதுனாரு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மாமா என்னைக்கு எழுதியிருக்காரு?”

மகேந்திரனுக்குக் கோல் எடுத்தேன். அவர் போன் வேலை செய்யவில்லை. படம் எடுத்த தம்பி குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டான். ராகலைக்காரர்களின் மற்ற நம்பர்கள் மாமாவின் போனில். மாமாவின் போன் அனுதாப அழைப்புகளில் சூடாகி அணைந்து கிடந்தது. படத்தைப் பற்றி எனக்கு நிச்சயம். லொறியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? செத்தவருக்கும் இதே படத்தைத்தானே எடுத்துப் போடுவார்கள்.

எழவுக்குப் போகும் வேன் ஹட்டன் வழியாகத்தான் வரும் என்றார்கள். முதலாளியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு ரோட்டில் போய் நின்றேன்.

வேன்

பின் சீட்டில் தப்புகள், நடுவில் பெண்கள், முன்னால் மாமாவின் மடியில் தட்டு. சம்பந்தி வீட்டு எழவுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. கோடி, மாலை, தப்பு மூன்றும் வேண்டும்.

ராஜி ஜன்னலோரம் இருந்தாள். தாலி ஏறாத பெண் அந்த வீட்டு எழவில் போய் நிற்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நின்றால் இல்லாத தாலியை அறுத்த பெயர் வந்துவிடும். ராஜியின் பெரியம்மாதான் கடைசிவரை மறித்தாளாம். ராஜி கேட்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக் காம்பராவுக்குக் கட்டுகிற அதே சேலை. தோளில் பால் காய்ந்த கறை.

நான் அவளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தலவாக்கலை தாண்டும்வரை பிஎன்ஜியை விளக்கினேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் ஸ்டிக்கரைக் காட்டினேன். “அந்தா பாரு. முருகன் மட்டுந்தான் படம். சுத்தி கண்ணாடி. பின்னால தேயில வந்தா பச்சையா தெரியுது. மூட்டம் வந்தா வெள்ள. இருட்டுல பாத்தா கறுப்பு. அதுக்காக முருகனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அர்த்தமா?”

ராஜி ஸ்டிக்கரைப் பார்த்தாள். நானுஓயாப் பக்கம் மூட்டம் இறங்கி முருகன் வெள்ளையில் நின்றார்.

“அப்ப அவரு செத்தாரா, இல்லையா?”

“அது எனக்குத் தெரியாது. படம் சாகலங்கிறது மட்டும் தெரியும்.”

முன்னாலிருந்து மாமா மூக்கை உறிஞ்சினார். “நூறு பேரு பொய்யா சொல்லுவாங்க புள்ள?”

கந்தப்பொல தாண்டியதும் மரக்கறிப் பாத்திகளிலிருந்து லீக்ஸ் மணம் வந்தது. ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நூறு பேரை நம்புவதா, கண்ணாடியை நம்புவதா என்று அவள் தீர்மானிக்காமலே ராகலை வந்துவிட்டது.

படிக்கட்டில்

“யாருங்க செத்தது?” என்று மகேந்திரன் கேட்டார் அல்லவா. பதில் சொன்னது ராஜி.

“நீங்கதாங்க.”

“நானா?”

“ஆமா.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எப்ப?”

“நேத்து ராத்திரின்னாங்க.”

“நேத்து ராத்திரி கல்யாணத்துக்காகச் செவுத்துக்குச் சுண்ணாம்பு கரைச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார், தானே தன்னைச் சரிபார்ப்பவர் மாதிரி. “போன் வாளிக்குள்ள விழுந்திருச்சுங்க. அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.”

முதலில் சிரித்தவர் தப்புக்காரர் ஆறுமுகம் அண்ணன். நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தார். பெண்கள் வைத்திருந்த அழுகை எல்லாம் சிரிப்பாகவும் அழுகையாகவும் கலந்து வந்தது. மாமா தட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

அதற்குள் மகேந்திரனின் அம்மா வெளியே வந்துவிட்டார். முதலில் அவர் பார்த்தது தட்டைத்தான். சிரிப்பு நின்றது.

“என் புள்ளைக்குக் கோடியா?”

“போன்லதாங்க வந்திச்சு,” என்றார் மாமா.

“போன்ல யாரு போட்டது?”

“நாந்தாங்க.”

“நீங்களே போட்டு நீங்களே நம்பிட்டீங்களா?”

“நான் படந்தாங்க போட்டேன். மத்தத எல்லாரும் சேந்து போட்டாங்க.”

நான் முன்னால் போய், “அம்மா, இது பின்னணி இல்லாத படம், அதனால,” என்று தொடங்கினேன்.

“நீ கொஞ்சம் சும்மா இரும்மா.”

சும்மா இருந்தேன். பின்னாலிருந்து பெரியம்மாவின் முணுமுணுப்பு மெதுவாக வந்தாலும் எல்லார் காதிலும் விழுந்தது. “மூணாவது தடவ. இந்தப் புள்ள ராசியே இப்புடித்தான்.”

மகேந்திரனின் அம்மா அதைக் கேட்டார். ராஜியை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சொல்லில் இந்தக் கல்யாணம் இங்கேயே முடிந்துபோகும். மூன்றாவதும் போனால் நான்காவது வராது.

“பரிசம் போட்ட பொண்ணு எழவுக்கு வரக்கூடாதுன்னு ஒன்னைய யாரும் தடுக்கலையா?”

“தடுத்தாங்க.”

“பேரு கெட்டுப்போகும்னு தெரியுமா?”

“தெரியுங்க.”

“அப்புறம் ஏன் வந்த?”

ராஜி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “பரிசத்தன்னைக்கு நான் குனிஞ்சே இருந்துட்டேன். இவர ஒழுங்கா பாக்கல. ஒருக்கா பாத்துட்டாவது போவோம்னு வந்தேன்.”

கோழி கிளறுகிற சத்தம் கேட்டது. மகேந்திரன் தன் முகத்திலிருந்த சுண்ணாம்பைச் சாரத்தால் துடைக்கப் போய், இன்னும் பரப்பிவிட்டார்.

அம்மா மகன் பக்கம் திரும்பினார். “செத்ததா சேதி வந்தா ஆயுசு கூடும்பாங்க. இவங்க சேதியோட தப்பையும் கோடியையும் சேத்துக் கொண்டாந்திருக்காங்க. நீ சாவவே மாட்ட போலடா.” பிறகு மாமாவிடம், “சம்பந்தி, அந்தத் தட்ட மொதல்ல வேன்ல கொண்டுபோய் வைங்க. வச்சிட்டு வந்து ஒக்காருங்க. தேத்தண்ணி குடிக்காம யாரும் போகக்கூடாது.”

மாமா ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வயதில் படியில் அப்படி ஓடுகிறவரை நான் கண்டதில்லை.

அடி மாறியது

அடுப்படி நெருப்பில் தோல் இறுகத் தப்பைக் காய்ச்சிக்கொண்டு ஆறுமுகம் அண்ணன் கேட்டார். “இவ்வளவு தூரம் வந்தாச்சு. அடிக்காம போனா கை குடையும். என்ன அடிக்கட்டும்?”

“திருவிழா அடிங்க,” என்றார் மகேந்திரன்.

அடித்தார்கள். லயத்து ஆட்கள், என்ன விசேஷம் என்று தெரியாமலே வெளியே வந்து ஆடினார்கள். வெள்ளை வேட்டியில் மாமா எல்லாரையும் விட அதிகமாக ஆடினார். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி வந்தது, கூடவே அவித்த உருளைக்கிழங்கும் காய்ந்த மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். எழவுக்கு வந்து இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ராஜி டம்ளருக்கு மேலாக மகேந்திரனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. இவர் உயிரோடு இருக்கிறார் என்று குரூப்பில் சொல்ல வேண்டும். மாமா போனைக் கையில் எடுத்தார். ஒரே நேரத்தில் நாலைந்து பேர் அதைப் பிடுங்கினார்கள்.

நான் இருவரையும் சுவரோரம் நிறுத்தி என் போனில் எடுத்தேன். மகேந்திரன் மீசையில் சுண்ணாம்பு, ராஜி தோளில் பால் கறை. இருவரும் நேராகப் பார்த்தார்கள். இவருக்குச் சிரிக்கவும் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜேபெக்தான். வெட்டவில்லை, கழிக்கவில்லை, பின்னால் இருந்தது பின்னாலேயே இருந்தது. பெனருக்கும் இதே படம் போதும், அந்தப் பழைய படம் வேண்டாம் என்று இரண்டு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள்.

மகேந்திரனின் அம்மா போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“செவுரு பாதிதான் அடிச்சிருக்கு. ஊரே பாக்கப்போகுது.”

“மிச்சத்த நான் வந்து அடிச்சிர்றேன், அத்த,” என்றாள் ராஜி.